ஓங்கி அடித்தால் ராக்கெட் பறக்கிறதா?

கேள்வி: தறியில் மாட்டி என் தம்பிக்கு வலது கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் போய்விட்டன. புண் நன்றாக ஆறிவிட்டது. மறுபடி ஷட்டில் ஆட ஆசைப்படுகிறான். ஓங்கி அடித்தால் ராக்கெட் பறந்துவிடுகிறது. மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிவிடலாமா?
- வாசகி, கொண்டலாம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம். ஷட்டிலில் அடியின் வேகம் முன்கைச் சுழற்சியில்தான் பிறக்கிறது. மணிக்கட்டில் கட்டினால் அது தடைபட்டு முழங்கை வலிக்கும். மேலே கட்டை விரல், கீழே சுண்டு விரல், நடுவில் பட்டை, இதுதான் கணக்கு.

2 அங்குல வெல்க்ரோ வாங்குங்கள். பசையில் ஒட்டினால் சேலத்து வெயிலுக்கும் வியர்வைக்கும் ஒரு வாரம் தாங்காது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, பிடியில் இறுக்கமாக நுழையும் தோல் உறை ஒன்று தைத்து, அதோடு பட்டையையும் சேர்த்து நைலான் நூலில் தைக்கச் சொல்லுங்கள். பட்டை விரல் முட்டிக்குச் சற்றுக் கீழே புறங்கையைச் சுற்றி வரட்டும். சொரசொரப்பான பக்கம் தோலில் படக் கூடாது. நுனியில் 3 செ.மீ. ஒட்டாமல் விடுங்கள், விழுந்தால் இடது கையால் ஒரே இழுப்பில் கழற்ற வேண்டுமே.

பட்டை மட்டும் இருந்தால் ராக்கெட் உள்ளே சுழலும். உறை மேல் மெல்லிய பாலித்தீன் சுற்றி, உள்ளங்கை படும் இடத்தில் எம்-சீல் பிசைந்து அப்பி, இன்னொரு பாலித்தீன் மூடித் தம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: வலைப்பக்கம் தரையைப் பார்க்கப் பிடித்து அச்செடுத்தால் எல்லாம் வீண். கைகுலுக்கும் வாக்கில், விளிம்பு தரையைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, கழன்று வராதபடி கிரிப் டேப் சுற்றிவிடுங்கள். 4யு என்ற எடை வகை ராக்கெட்டே 80 முதல் 84 கிராம்தான். 20 கிராமுக்கு மேல் அப்பாதீர்கள்.

பத்து நிமிடம் ஆடியதும் கழற்றிப் பாருங்கள். சிவப்பு இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் மெத்தை வையுங்கள். மரத்துப்போன விரல் முனை வலித்துச் சொல்லாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றது எஸ்யு5 என்ற கைக் குறைபாட்டுப் பிரிவில். தம்பிக்கு அது பொருந்துமா என்பதை வகைப்பாட்டுத் தேர்வில்தான் சொல்வார்கள்.

கேள்வி: இடது கை மணிக்கட்டோடு இல்லை. சைக்கிளின் இரண்டு பிரேக்கையும் வலது பக்கமே வைக்கலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: வைக்கலாம். ஒரே லீவரில் இரண்டு கேபிள் மாட்டும் வகை இருக்கிறது. பின் பிரேக் ஒரு நூல் முந்திப் பிடிக்கும்படி திருகி வையுங்கள். முன்னது முந்தினால் கொண்டை ஊசி வளைவில் தலைகுப்புறத்தான். 20 வளைவும் இறங்குவதென்றால் ரிம் பிரேக் சூடேறும், டிஸ்க் நல்லது. செயற்கைக் கையை ஹேண்டில்பாரில் கட்டவே கட்டாதீர்கள்.