ஒற்றைத் தலைவலியைத் தடுக்க முடியுமா? கேள்வி பதில்

20 ஆண்டுகளாகத் தலைவலி நோயாளிகளைப் பார்த்துவரும் நரம்பியல் மருத்துவர் நான். 17 வயதிலிருந்து எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. வந்திருந்த கேள்விகளில் ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். நேரில் பார்க்காமல் மருந்தின் அளவைச் சொல்வது முறையல்ல என்பதால், அதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, 38 வயது, திண்டுக்கல்): முன்பு மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் வந்த தலைவலி, இரண்டு வருடமாக ஏறக்குறைய தினமும் வருகிறது. மருந்துக்கடை மாத்திரையைப் போட்டால்தான் வகுப்பெடுக்க முடிகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். பிறகு ஏன் கூடிக்கொண்டே போகிறது, டாக்டர்?

பதில்: அந்த மாத்திரையாலேயே கூடியிருக்க வாய்ப்பு அதிகம், அம்மா. ஒற்றைத் தலைவலிக்கு ஆட்பட்ட மூளை, வலி மாத்திரையை அடிக்கடி பெறும்போது அதற்குப் பழகிப்போய், அதன் வீரியம் இறங்குகிற ஒவ்வொரு முறையும் புதிதாக வலியைக் கிளப்புகிறது. அந்த வலிக்கு நாம் மீண்டும் ஒரு மாத்திரை போடுகிறோம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே தரப்படும் எர்கோட்டமைன், டிரிப்டான் வகைகளையும் பல மருந்துகள் கலந்த வலி மாத்திரைகளையும் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் இந்த நிலைமை உருவாகலாம். கடையில் ‘ஒற்றைத் தலைவலி மாத்திரை’ என்று கேட்டால் கிடைப்பவற்றில் எர்கோட்டமைனும் காஃபீனும் சேர்ந்த கலவைகள் உண்டு. உங்களிடம் உள்ள அட்டையின் பின்புறத்தை இன்றே படித்துப் பாருங்கள்.

எத்தனை நாட்கள் மாத்திரை எடுக்கிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. என்னிடம் வந்த ஓர் அம்மா, தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்டு சுற்றிக் கொண்டுவந்தார். மாத்திரை போட்ட நாளின் தாளில், ராகு காலத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. மேசையில் பரப்பி எண்ணினோம்; 31 தாள்களில் 22-இல் கோடு இருந்தது. பத்து இருக்கும் என்று நினைத்ததாகச் சொல்லிவிட்டு, அவர் மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து எண்ணினார். நீங்களும் ஒரு மாதம் இப்படிக் குறித்து வையுங்கள். எந்தப் பரிசோதனையைக் காட்டிலும் அந்தத் தாள்கள்தான் எனக்கு அதிகம் சொல்லும்.

மாத்திரையை நிறுத்தும்போது முதல் ஒன்றிரண்டு வாரங்கள் வலி கூடும். அதனால் கோடை விடுமுறை போன்ற ஒரு காலத்தைத் தேர்ந்து, மருத்துவரின் துணையோடு, வலி வராமலே காக்கும் தடுப்பு மருந்தையும் தொடங்கிக்கொண்டு நிறுத்துங்கள். பெரும்பாலோருக்கு அதன்பின் வலி நாட்கள் குறைகின்றன. அப்புறம் வலி மாத்திரைக்கு வாரத்தில் இரண்டு நாட்களே எல்லை.

கேள்வி (கல்லூரி மாணவர், சேலம்): அப்படியானால் பொறுத்துப் பார்த்துத் தாங்க முடியாதபோது மட்டும் மாத்திரை போடுவது சரிதானே? ஆனால் அதற்குள் வாந்தி வந்து மாத்திரையும் வெளியே போய்விடுகிறது.

பதில்: சரியில்லை, தம்பி. ஒற்றைத் தலைவலி முற்றும்போது இரைப்பையின் இயக்கமும் மந்தமாகிவிடுவதால், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கிறது. நாட்கள்தாம் குறைவாக இருக்க வேண்டுமே தவிர, போடுகிற நாளில் தாமதிக்கக் கூடாது. வலி இலேசாக இருக்கும்போதே, மருத்துவர் சொன்ன முழு அளவை, தேவையானால் வாந்தியைத் தடுக்கும் மாத்திரையோடு எடுத்துவிடுங்கள். டிரிப்டான் வகையைச் சேர்ந்த சுமாட்ரிப்டான் மூக்கில் அடிக்கும் மருந்தாகவும் உண்டு. இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அது ஆகாது.

கேள்வி (இல்லத்தரசி, கும்பகோணம்): தலைக்குக் குளித்த அன்று தவறாமல் வலி வருகிறது. வீட்டில் யாரும் நம்புவதில்லை.

பதில்: நான் நம்புகிறேன். மேல்நாட்டுப் பாடநூல்களின் பட்டியலில் பெரும்பாலும் காணப்படாத இந்தக் காரணத்தை, மும்பையின் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர், 94 இந்திய நோயாளிகளிடம் கண்டு 2006-இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார். வெறும் வயிற்றில் குளிக்காமல் ஏதாவது சாப்பிட்ட பிறகு குளிப்பது, ஈரத்தலையைப் பின்னிக் கொண்டையிடாமல் உடனே உலர்த்துவது, இரவில் தலைக்கு ஊற்றாமல் இருப்பது ஆகியவை உதவுவதாக என்னிடம் வரும் பெண்கள் சொல்கிறார்கள்.

ஆனால் தூண்டும் காரணங்கள் தனியாக வருவது குறைவு. வெள்ளிக்கிழமை காலையை எண்ணிப் பாருங்கள்: விரதம், தலைக்குளியல், வெயிலில் கோயில் வரிசை, சாம்பிராணிப் புகை, காபி இல்லாத பட்டினி. இவற்றில் ஒன்றை மூளை தாங்கிக்கொள்ளும். ஐந்தும் ஒரே காலையில் சேர்ந்தால், அதுவும் மாதவிலக்கு நெருங்கி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும் நாட்களில் சேர்ந்தால், தாங்காது. தலைக்குளியலை வியாழனுக்கு மாற்றி, விரதத்தில் பாலும் பழமும் சேர்த்துக்கொண்டாலே பலருக்கு அந்த வாரம் தப்பிவிடுகிறது.

கேள்வி (வங்கி ஊழியர், 45 வயது, கோவை): எனக்கு ரத்த அழுத்தம் கிடையாது. ஆனாலும் தலைவலிக்கென்று புரோப்ரனலால் எழுதியிருக்கிறார்கள். ஆயுள் முழுக்க விழுங்க வேண்டுமா? நான்கு நாட்களில் பலன் தெரியாததால் நிறுத்திவிட்டேன்.

பதில்: பழைய தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை வேறு நோய்களுக்காக வந்தவையே: புரோப்ரனலால் இதயத்துக்கு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு, டோபிரமேட் வலிப்புக்கு. சட்டென்று தூண்டப்படும் மூளையின் இயல்பை இவை தணிக்கின்றன. இவை வலி மாத்திரைகள் அல்ல. வலி இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். நான்கு நாட்கள் எதற்கும் போதாது. சரியான அளவை எட்டிய பிறகு இரண்டு மூன்று மாதங்கள் கொடுத்துத்தான் எடைபோட வேண்டும். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் அதை வெற்றி என்றே கொள்கிறோம். பலருக்கு 6 முதல் 12 மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுகிறோம்.

ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் ஆகாது, மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் ஃப்ளூனாரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும். சிலருக்கு மனச்சோர்வும் தரும். கருவுற வாய்ப்புள்ள பெண்கள் வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டைத் தலைவலிக்காக எடுக்கவே கூடாது. டோபிரமேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியது. ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவாக்கப்பட்ட, சிஜிஆர்பி என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கும் ஊசிகளில் முதலாவதான எரெனுமாப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலன் தருகிற மருந்துதான். விலைதான் நம்மில் பலருக்கு எட்டவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கேள்வி (27 வயது, சென்னை): வலிக்கு முன் கண்ணில் ஒளிரும் வளைகோடு ஒன்று தோன்றி, அரை மணி நேரம் விரிந்து மறைகிறது. கருத்தடை மாத்திரை எடுத்து வருகிறேன். ஆபத்தா?

பதில்: அந்தக் கோடு ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி. 1944-இல் பிரேசிலைச் சேர்ந்த லியாவோ என்னும் ஆய்வாளர் விலங்குகளின் மூளையில் கண்ட, நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் மூளைப் புறணியில் ஊர்ந்து செல்லும் ஒரு மின் அலைதான் இதற்கு அடிப்படை என்று கருதுகிறோம். அதனால்தான் அது மெல்ல விரிகிறது. கோடு தீங்கற்றது. ஆனால் இத்தகைய முன்னறிகுறி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பது பக்கவாத அபாயத்தைக் கூட்டும். புகைப்பழக்கமும் இருந்தால் இன்னும் கூடும். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, காப்பர்-டி போன்ற வேறு வழிக்கு மாறுங்கள். பார்வை திடீரென அணைந்தாலோ, கைகால் செயலிழந்தாலோ, வாய் குழறினாலோ, நொடியில் உச்சத்தைத் தொடும் தலைவலி வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி): சாக்லேட், தக்காளி, தயிர், கத்தரிக்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். உடல் இளைத்ததுதான் மிச்சம்.

பதில்: எல்லாவற்றையும் திரும்பச் சாப்பிடுங்கள். வலிக்கு முந்தைய நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பின் மேல் ஆசை ஆகியவை தொடங்குவதுண்டு; சாக்லேட் வலியைக் கொண்டுவந்தது போலத் தோன்றினாலும், வரப்போகும் வலிதான் சாக்லேட்டைத் தேட வைத்திருக்கலாம். என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பதே முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கி, காபியையும் அதுவரை தள்ளிப்போட்டால், வலியைக் கிளப்ப அந்த மாற்றமே போதும்.

கேள்வி (மதுரை): என் மனைவிக்கு இந்த வலி. வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறாள் என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?

பதில்: அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள், தம்பி. தம் இளமையில் பட்ட மண்டையிடியும் இதுதான் என்று என் அறையில் உட்கார்ந்து புரிந்துகொண்ட மாமியார்கள் உண்டு. வலி வந்த அன்று, இப்போது எப்படி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பதில் பேசுவதே வலிக்கும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மிக்ஸியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி, தாளிக்கும் வாசனை வராமல் கதவைச் சாத்தி, கட்டிலருகே ஒரு சொம்புத் தண்ணீரும் வாந்திக்கு ஒரு பாத்திரமும் வையுங்கள். வலி நின்ற மறுநாளும் அவருக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும்; அன்றைய காலைச் சமையலையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.