தங்கையை அதட்டியது ஏன்?

கேள்வி: தமிழ் வழியில் பி.காம். முடித்துவிட்டு, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆங்கிலம் கற்க தினமும் இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் யூடியூப் பார்க்கிறேன். ஆறு மாதமாகியும் பேச வரவில்லை. வெளிமாநில வாடிக்கையாளர்களுக்கான கடிதங்களை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அனுப்பிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கை ஒரு கடிதத்தைப் பார்த்து ஏதோ பிழை என்றாள். உன் வேலையைப் பார் என்று அதட்டிவிட்டேன். எந்த இணையதளம் நல்லது?

பதில்: இணையதளம் இருக்கட்டும். அந்தப் பிள்ளை சொன்ன பிழை என்ன? 'ஏதோ' என்று எழுதியிருக்கிறீர்கள். காது கொடுத்தே கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? அவள் சொன்னது தவறாகவும் இருந்திருக்கலாம். இரண்டு பேரும் அகராதியைப் பார்த்திருந்தால் ஒருவராவது கற்றிருப்பீர்கள்.

முகம் தெரியாதவர் சொன்னால் இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்கிறீர்கள். கூடப் பிறந்தவள் சொன்னால் கோபம் வருகிறது. வீடியோ உங்களைத் திருத்தாது, அதனால் சுகமாக இருக்கிறது. வாயைத் திறக்காமலே அடுத்ததற்குப் போய்விடலாம். ஆறு மாதம் அப்படித்தான் போயிருக்கிறது. மூத்தவன் தன் பிழையை ஒப்புக்கொள்கிற வீட்டில்தான் சின்னவர்களுக்குக் கேள்வி கேட்கத் துணிவு வரும். பார்த்தும் பேசாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

செயலியைத் தொடவே கூடாது என்று சொல்லமாட்டேன். முதலில் நீங்களே எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். 'பணம் அனுப்பியாயிற்று, நாளை வருவார்' என்று தமிழில் எழுதுகிறோம். அனுப்பியது யார், வருகிறவர் ஆணா பெண்ணா என்பதையெல்லாம் செயலி தானாக ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் உங்கள் அச்சகத்தின் பெயரில் போகிறது. வாடிக்கையாளர் பெயரையும் விலையையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அதில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அது முதலாளி உங்களை நம்பிக் கொடுத்தது.

பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' என்ற நிகழ்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது. பேச்சின் எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். ஒன்றே ஒன்றை எடுத்து ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறுமனே கேளுங்கள், பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், அப்புறம் உரக்கப் படித்துப் போனில் பதிவு செய்து இரண்டையும் ஒத்துப் பாருங்கள். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால், கேம்பிரிட்ஜ் அகராதி தளத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். இது போதும். மற்ற சேனல்களை விட்டுவிடுங்கள்.

இன்று இரவே தங்கையிடம் அந்தப் பிழையைக் கேளுங்கள். தயங்குவாள். அதட்டியது தப்பு என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். உங்கள் ஆங்கிலத்தை அவள் பார்க்கட்டும், அவளுடைய கணக்குப் பாடத்தை நீங்கள் பாருங்கள். பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளை பக்கத்தில் இருக்க, காதை அடைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார பி.காம். படித்த அண்ணனுக்கு எப்படி மனம் வந்தது?