புறாக் கூண்டும் கால்வாய்க் கொசுவும்: வாசகர் கேள்விகள்

வியாசர்பாடியில் மொட்டை மாடியில் முப்பது புறா வளர்க்கிறோம். புறாவைக் கடித்த கொசு எங்களைக் கடித்தால் நோய் வருமா?

ராத்திரி கூண்டைச் சுற்றுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வகைக் கொசு. சாக்கடையில் வளர்ந்து, பொழுது சாய்ந்ததும் கிளம்பும். பறவை, மனிதர் இரண்டு பேரையும் கடிப்பதால்தான் காய்ச்சல் உண்டாக்கும் வெஸ்ட் நைல் வைரஸ் பறவையிடமிருந்து நமக்கு வர இது வழியாகிறது. பறவையைக் கடித்த உடனே அந்தக் கொசுவால் நமக்குத் தொற்றாது. உறிஞ்சிய வைரஸ் கொசுவின் குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். காக்கை, சிட்டுக்குருவி உடலில் அது ஏராளமாகப் பெருகும். புறாவில் பெருகுவது குறைவு. அந்தப் பயத்துக்காகப் புறாக்களை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் புறாக்களுக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து அம்மை. அதையும் கொசு பரப்பும். அலகோரம், கண்ணிமை, காலில் மரு மாதிரிக் கட்டி எழும்பினால் அந்தப் புறாவைத் தனிக் கூண்டில் விடுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், வைரஸ் அதில்தான் இருக்கிறது. வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மனிதருக்கு இது ஒட்டாது. கூண்டுக்கு 1.5 மி.மீ.க்கு மேல் துளையில்லாத வலை கட்டி, மாலை ஐந்தரைக்குள் மூடுங்கள். அதற்கு முன்பே உள்ளே புகுந்த கொசு உள்ளேயே தங்கிவிடும் என்பதால், மூடும்போது மூலைகளை ஒருமுறை பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிகிறது. சாக்கடையில் கொட்டலாமா?

வேண்டாம், அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த மண்ணில், வெயிலில் கொட்டுங்கள். அரிசி மணி அளவில் கருப்பாக மிதக்கும் திரள் ஒன்றிலேயே 100 முதல் 300 கியூலெக்ஸ் முட்டை இருக்கும். டெங்குக் கொசுவோ பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். கொட்டினால் மட்டும் போகாது, தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு தடவை தவறாமல் செய்யுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயிலும் வலை கட்டுங்கள். பல வீடுகளில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

புகை அடித்தும் மறுநாளே கொசு வருகிறதே?

புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். கால்வாயில் கிடக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டை கொசுவாக ஏழெட்டு நாளே போதும். கால்வாய் தேங்கிக் கிடந்தால் மாநகராட்சியின் 1913-இல் புகார் சொல்லுங்கள்.

எண்ணூர்ப் பக்கம் கொக்குகள் நிறைய. மூளைக்காய்ச்சல் வருமா?

கொக்கு, நாரை உடலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இருக்கக்கூடும். இந்தியாவில் இது முதலில் தெரியவந்தது 1955-இல், நம் வேலூரில்தான். பரப்புவது முக்கியமாக நெல் வயல் கியூலெக்ஸ். பன்றி உடலில் வைரஸ் பெருகும், மாட்டில் பெருகாது. அதனால் பன்றிக் கொட்டகையும் தேங்கிய தண்ணீரும் வீட்டருகே சேர்ந்திருப்பதுதான் கவலைக்குரியது. நோயாளியைக் கடித்த கொசுவால் இன்னொருவருக்குப் பரவாது. காய்ச்சலோடு வலிப்பு, மயக்கம், கழுத்து விறைப்பு இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பறவைக் காய்ச்சலையும் கொசுதான் பரப்புகிறதா?

இல்லை. அது நோயுற்ற பறவையின் எச்சம், சளி வழியே வருவது. செத்த காக்கையை வெறுங்கையால் தொடாதீர்கள்.