சேமியா நீட்டும் வண்டு

கேள்வி: காப்பித் தோட்டத்தில் ஊடுபயிராக வைத்த வெண்ணெய்ப்பழக் கன்றுகளின் தண்டில் ஊசித் துளைகள். வெள்ளைத் தூள் சேமியா போல வெளியே நீண்டு நிற்கிறது. காப்பிக் கிளையைக் காயவைக்கும் வண்டுதானா இது? படம் இணைத்துள்ளேன்.
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: படத்தில் துளை தெளிவாக விழுந்திருக்கிறது, வண்டுதான் இல்லை. துளையை மட்டும் பார்த்து இனத்தின் பெயரை அடித்துச் சொல்பவரிடம் மருந்து வாங்கிவிடாதீர்கள்.

இருந்தாலும் அந்தச் சேமியா நல்ல துப்பு. 'சைலோசாண்ட்ரஸ் கிராசியஸ்குலஸ்' மீது என் சந்தேகம் விழுகிறது. காப்பிக் கிளையைத் துளைப்பது பெரும்பாலும் அதன் பங்காளியான 'சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸ்'. இரண்டுமே பல மரங்களில் ஏறும் என்பதால், எந்த மரத்தில் இருந்தது என்பது சாட்சியாகாது.

பட்டுப்போன ஒரு கன்றைப் பிளந்து, பெண் வண்டை எடுங்கள். ஆண் இன்னும் சிறியது, பறக்காது. அடையாளம் காண அதை நம்ப வேண்டாம். பத்து மடங்கு லென்ஸில் முதுகுச் சிறகு பின்பக்கம் சரியும் இடத்தைப் பாருங்கள். சரிவு மங்கலாக, நுண்மணிகள் அடர்ந்து, உடல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் செம்பழுப்பாக இருந்தால் கிராசியஸ்குலஸ். சரிவு பளபளத்து, மயிர் வரிசைகளோடு, உடல் இரண்டு மில்லிமீட்டருக்குள் கறுப்பாக இருந்தால் காம்பாக்டஸ். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கூட்டிலிருந்து புதிதாக வந்த கறுப்பு வண்டும் சில நாள் பழுப்பாகத்தான் இருக்கும்.

இந்தக் கூட்டம் வல்லுநர்களையே ஏய்த்திருக்கிறது. 1868இல் பூச்சியியல் அறிஞர் ஐக்காஃப் பெயரிட்ட தேயிலைத் துளைப்பான் என்ற வண்டை நெடுங்காலம் ஒரே இனமாகக் கணக்கில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகுதான் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் பல இனங்கள் அவை என்று தெளிவானது.

கிடைத்த வண்டுகளைச் சாராயக் கரைசலில் போட்டு, மர விவரத்தையும் தேதியையும் பென்சிலால் எழுதி உள்ளேயே வைத்து, ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.

கேள்வி: தண்டைத் துளைக்கும் இந்த வண்டுகள் மரத்தைத் தின்பதில்லையாமே?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தின்பதில்லை, துளைத்த மரத்தை வெளியே தள்ளிவிடும். அதுதான் அந்தச் சேமியா. தாய் வண்டு தன் உடலிலுள்ள சிறு பையில் பூஞ்சை விதையைச் சுமந்துவந்து சுரங்கச் சுவரில் விதைக்கிறது. குஞ்சுப் புழுக்களுக்கு அந்தப் பூஞ்சைதான் சாப்பாடு. நம் சேலத்து மாம்பழத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கொட்டை வண்டும் இவையும் ஒரே குடும்பம். அதற்கு மூக்கு நீளம், இவற்றுக்கு அது இல்லை. முன்பு இவற்றைத் தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள். வண்டு மரத்துக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. காய்ந்த கிளையைத் துளைக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே வெட்டி எரிப்பதே வழி. வெட்டியதை வரப்பில் குவித்து வைத்தால் வண்டு அடுத்த செடிக்குப் போய்விடும்.