சிம்பன்சி ஒண்ணு செத்தா, கூட இருந்ததுவளுக்கு துக்கம் உண்டுமா?

உண்டும்னுதான் நான் சொல்லுவேன். ஜாம்பியா நாட்டுல சிம்ஃபுன்ஷின்னு ஒரு சிம்பன்சி காப்பகம், 1983ல தொடங்கினது, அங்க தாமஸ்னு ஒரு குட்டிப்பய, 9 வயசு, செத்துப்போனான். அம்மா ஏற்கனவே போயாச்சு, நோயல்னு ஒரு பெண் சிம்பன்சிதான் பாசமா பாத்துக்கிட்டது. அது என்ன செஞ்சுதுன்னா, உடம்பு பக்கத்துல இருந்து, ஒரு புல்லுத்தண்ட எடுத்து அவன் பல்ல எல்லாம் சுத்தம் பண்ணிருக்கு, மத்ததுவள பணியாளுங்க தீனி காட்டி கூப்பிட்டப்போவும் இது வரல்ல. நம்ம நாரோயில் பக்கம் சாவு வீட்டுல ஆளக் குளிப்பாட்டி எடுப்பாங்கல்லா, எனக்கு அதுதான் தோணுச்சு. இத வீடியோவே எடுத்து 2017ல ஆய்வுக் கட்டுரையா போட்டாங்க. ஆனா சாவுன்னா என்னன்னு அதுக்கு புரிஞ்சுதான்னு கேட்டா, அத அந்த வீடியோவ வச்சு உறுதியா சொல்ல முடியாது மக்கா.