வட்டமாய்க் கூடும் சதுக்கம்

அன்புள்ள ஐயா,

அடுத்த ஆண்டு மொரோக்கோ செல்லவிருக்கிறேன். மராக்கேஷ் நகரின் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தைப் படங்களில் பார்த்தால் வெறும் வெளியாகவே தெரிகிறது. தூணோ சிலையோ இல்லாத அவ்விடத்தை யுனெஸ்கோ எதற்காகப் போற்றியது? அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு வாசகர், கன்னங்குடா, மட்டக்களப்பு

அன்புள்ள நண்பருக்கு,

கூத்து வாழும் ஊரிலிருந்து இக்கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. விடையின் பாதி உங்கள் ஊர்க் களரியிலேயே இருக்கிறது. நம் வட்டக்களரியைச் சூழ்ந்து சனம் விடிய விடிய அமர்ந்திருப்பது போல, அங்கே கதைசொல்லியையும் இசைஞரையும் சுற்றி மக்கள் தாமாகவே வளைந்து நிற்பர். அவ்வட்டத்தை ‘ஹல்கா’ என்பர். நமக்கு மண்மேடையும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளமும் மாதக்கணக்கான பழக்கமும் உண்டு. அங்கே மேடையே கிடையாது, சனம் கலைந்தால் அரங்கும் இல்லாமற் போகும். கதை முறுகி நிற்கும் இடத்தில் கதைசொல்லி நிறுத்திக் காசு கேட்பார், கேட்டவர்கள் நகராமல் நின்றால்தான் கதை தொடரும்.

மராக்கேஷ் 11ஆம் நூற்றாண்டில் எழுந்த நகரம். அதன் பழைய நகர்ப்பகுதி 1985இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் சதுக்கத்தின் பெருமை கல்லால் வந்ததன்று. 1990களில் அதனருகே உயர்ந்த கட்டடமும் நிலத்தடி வாகனத் தரிப்பிடமும் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, அந்நகரிலேயே குடியிருந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்த்திசோலோ அதை எதிர்த்துப் போராடினார். பேச்சையும் பாட்டையும் காப்பது எப்படி என்று ஆராய 1997இல் யுனெஸ்கோ மராக்கேஷிலேயே கூட்டம் நடத்தியது. அங்கே வளர்ந்த சிந்தனையின் பயனாகவே 2001இல் வாய்மொழி மரபுகளிலும், பாட்டு, கூத்து போன்ற அருவ மரபுகளிலும் தலைசிறந்தவையென யுனெஸ்கோ முதன்முறை அறிவித்த 19இல் இச்சதுக்கமும் இடம்பெற்றது, 2003இல் அருவ மரபுரிமைக்கான சமவாயமும் வந்தது. ஒரு திறந்த வெளியைக் காக்கப் போனவர்கள் உலகின் கூத்துகள் அனைத்துக்கும் வழி திறந்தார்கள் என்பதே என் எண்ணம்.

பகலில் தோடம்பழச்சாற்றுக் கடைகளும் பாம்பாட்டிகளுமே அதிகம் கண்ணில் படுவர்; பொழுது சாயும் வேளையில் செல்லுங்கள். அப்போதுதான் உணவுக்கடைகளின் புகை எழும். அருகிலுள்ள குத்துபிய்யா பள்ளிவாசலின் 12ஆம் நூற்றாண்டு மினாராவிலிருந்து பாங்கொலி கேட்கும். நம் சல்லரியை நினைவூட்டும் இரும்புத் தாளங்களோடு ஞாவா எனும் மரபைச் சேர்ந்த இசைஞர் ஆடுவர். மாடியிலுள்ள தேநீர்க்கடையிலிருந்து படம் எடுத்துத் திரும்பிவிடாமல், மொழி விளங்காவிட்டாலும் ஒரு வட்டத்துக்குள் போய் நில்லுங்கள். கதைசொல்லிகள் அங்கே அருகி வருகிறார்கள். அவர்களுள் ஒருவரையேனும் கண்டால், அவரைச் சுற்றி இளையோர் எத்தனை பேர் நின்றார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.