‘லைஃப்டைம்’ கியர் ஆயில்: மாற்றலாமா, எவ்வளவு ஊற்ற வேண்டும்?

கேள்வி: 2017 கிரெட்டா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். 85,000 கி.மீ. ஓடிவிட்டது. கியர் ஆயில் லைஃப்டைம், தொடவே வேண்டாம் என்கிறார்கள் சிலர். தெரிந்த மெக்கானிக் மாற்றித் தருகிறேன் என்கிறார். ஆனால் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் கிடையாது. அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மாற்றிவிடுங்கள். சாதாரண ஓட்டத்துக்கு மாற்றத் தேவையில்லை என்று சொல்லும் பல கம்பெனிகளின் மேனுவலிலேயே, கடினமான ஓட்டத்துக்குத் தனி அட்டவணை இருக்கும். வெயில், நெரிசல், பிரேக்கில் கால் வைத்தபடி ஊர்ந்து போவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். நம் ஊர் நகர ஓட்டம் வேறென்ன? இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் பிறக்கும் சூட்டை முழுக்கத் தாங்குவது இந்த ஆயில்தான். கிளட்சுகளைப் பிடிக்க வைக்கும் அழுத்தமும் இதன் வழியாகத்தான் போகிறது.

உங்கள் 6 ஸ்பீடு கியர்பாக்ஸுக்கு எஸ்பி-4 வகை ஆயில். மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 7 லிட்டர். ஆனால் அடிப் போல்ட்டைக் கழற்றினால் பாதிதான் இறங்கும். மீதி கன்வெர்ட்டரிலும் ஆயிலை ஆற்றும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் ஒரு முறை மாற்றினால் பாதி புதுசு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு முறை மாற்றினால் முக்கால் பங்கு புதுசு. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்வது 85,000 வரை தொடாத கியர்பாக்ஸுக்கு வேண்டாம்.

இப்போது வேலை. மேலே உள்ள ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றச் சொல்லுங்கள். கீழே ஆயிலை இறக்கிவிட்ட பிறகு மேல் போல்ட் துருப்பிடித்துச் சுழல மறுத்தால், வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். இறங்கிய ஆயிலை அளவு ஜாடியில் அளந்து, அதே அளவும் கூடவே ஓர் அரை லிட்டரும் ஊற்றலாம். போல்ட்டின் வாஷர் புதுசாகப் போடணும்.

டிப்ஸ்டிக்குக்குப் பதிலாக ஒரு லெவல் போல்ட் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் மாதிரி, கூடுதலானது அதன் வழியே வழிந்துவிடும். நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வண்டியைத் தூக்கி, இன்ஜினை ஓட விட்டு, பிரேக்கை மிதித்தபடி லிவரை பி-யிலிருந்து டி வரை மெதுவாக நகர்த்தித் திரும்பவும் பி-க்குக் கொண்டு வர வேண்டும், இரண்டு முறை. ஆயில் சூடு 50 முதல் 60 டிகிரிக்குள் வந்ததும், இன்ஜின் ஓடும்போதே லெவல் போல்ட்டைத் திறக்கணும். தடிமனாகக் கொட்டி, பிறகு நூல் மாதிரி மெலிந்து ஒழுகும்போது மூடினால் அளவு சரி. எதுவுமே வரவில்லையா? ஆயில் போதவில்லை.

பலர் கோட்டை விடுவது இந்தச் சூட்டில்தான். சூடானால் ஆயில் விரியும். 85 டிகிரியில் பார்த்து மூடினால் அளவு குறைந்துபோகும், கியர் வழுக்கும். ஆறிய நிலையில் பார்த்தால் அதிகமாகி, நுரைத்துவிடும். கையால் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். வண்டியில் செருகி ஆயில் சூட்டைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் அவசியம்.

பழைய ஆயிலைக் கட்டாயம் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பாக இருந்தால் வயசுதான். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பதும் சகஜம். விரலில் குத்தும் உலோகத் துகளோ கருகிய வாடையோ இருந்தால், உள்ளே கிளட்சோ வேறு பாகமோ தேய்கிறது. அதைப் புது ஆயில் சரிசெய்யாது, கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இந்த முறை டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு மட்டும். சிவிடி, டிசிடி, ஏஎம்டி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் எஸ்பி-4 ஊற்றக் கூடாது. ஆயிலும் வேறு, அளவு பார்க்கும் விதமும் வேறு.